கர்னலும் நாலாவது திருத்தமும்

என் நாய் அமெரிக்க அரசியல் சட்டத்துக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. அதை வெளியே எடுக்கிறோம் என்று வந்தவர்கள்தான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள். இதை வெளியில் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே சொல்கிறேன்.

நான் எல்ராய் டாக்கெட். கென்டக்கியில் ப்ளம் ஃபோர்க் என்ற ஊரில் பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கு மெக்கானிக். நாயின் பெயர் கர்னல். வேட்டை நாய் ஜாதி. வேட்டைக்கு ஒரு நாளும் போனதில்லை. ஒரு காது கிழிந்திருக்கும், வாயில் எச்சில் வழிந்துகொண்டே இருக்கும், சாப்பிட்ட பிறகு அதன் பக்கத்தில் யாரும் உட்கார முடியாது. நானும் என் மனைவி வெர்னாவும் சோபாவில் உட்கார்ந்தால் அது நடுவில் ஏறிக்கொள்ளும். எங்களுக்குள் சண்டை வந்தால் இரண்டு பேரும் அதனிடம்தான் பேசுவோம். "கர்னல், உங்கப்பன்கிட்ட சொல்லு, குப்பையை வெளிய வைக்கச் சொல்லு" என்பாள் வெர்னா. கர்னல் என்னைப் பார்க்கும். நான் எழுந்து போய் வைப்பேன். குடும்பம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு க்ளைவ் ரட்டின் புல்வெட்டும் வண்டி காணாமல் போனது. அதைத் தேடிவந்த துணை ஷெரீப் ட்ராவிஸ் கில்லி, கதவைத் தட்டாமல், கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல், என் கார் ஷெட்டுக்குள் நுழைந்தான். உள்ளே கர்னல் தூங்கிக்கொண்டிருந்தது. தூக்கம் கலைந்தால் அதற்குக் கோபம் வரும். ட்ராவிஸின் கால்சட்டையைப் பிடித்து முழங்கால் வரைக்கும் கிழித்துவிட்டது. காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அரசுப் பணிக்கு இடையூறு செய்ததாகச் சொல்லி கர்னலை மாவட்ட நாய்ப் பட்டியில் கொண்டுபோய் அடைத்தான். காணாமல் போன வண்டி ரட்டின் மைத்துனன் வீட்டுக் கொல்லையில் கிடந்தது. அதற்காக யாரையும் எங்கேயும் அடைக்கவில்லை.

பட்டியைப் பார்த்துக்கொள்ளும் வாண்டா என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். நான் போய் நின்றதுமே சொல்லிவிட்டாள்.

"சனிக்கிழமை வாப்பா எல்ராய், கூட்டிட்டுப் போயிடலாம். ட்ராவிஸோட பேன்ட்டுதானே, போய்த் தொலையட்டும்னு ஷெரீப்பே சொல்லிட்டாரு. ரெண்டு நாள் இருக்கட்டும், பேருக்கு."

சனிக்கிழமை கூட்டிவந்திருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் நான் பெட்ரோல் போடும் இடத்தில் உள்ளூர்ப் பத்திரிகைக்காரனிடம் வயிற்றெரிச்சலைக் கொட்டினேன். அவனுக்கு அந்த வாரம் வேறு செய்தி இல்லை. வெள்ளிக்கிழமை காலை எங்கள் வாசலில் நீளமான காரொன்று வந்து நின்றது. லூயிவில் நகரத்திலிருந்து, மக்கள் உரிமை மன்றத்துக்காரர்கள்.

மன்றத்தைப் பற்றி நானும் கேள்விப்பட்டிருந்தேன். நாடு முழுவதும் கிளை, தலைமையகம் வாஷிங்டனில். அரசாங்கம் சாதாரண ஆளின் கழுத்தில் கை வைத்தால் அந்தக் கையைப் பிடித்துக் கோர்ட்டுக்கு இழுப்பவர்கள். வந்தவள் பெயர் மெரிடித் ஆஷ்வொர்த், வக்கீல். கூடவே இரண்டு பேர், எல்லாவற்றையும் கணினியில் தட்டிக்கொண்டிருந்தார்கள். வெர்னா அவர்களைச் சமையலறை மேசையில் உட்காரவைத்து பீன்ஸும் சோள ரொட்டியும் போட்டாள்.

"உங்க கார் ஷெட்டுக்குள்ள வந்தப்போ துணை ஷெரீப் வாரண்ட் காட்டினாரா, மிஸ்டர் டாக்கெட்?"

"அவன் மூஞ்சியையே காட்டலைங்க. காலத்தான் முதல்ல நீட்டினான். அதத்தான் கர்னல் பிடிச்சுது."

மெரிடித் ரொட்டியைக் கீழே வைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்து, அரசியல் சட்டத்தின் நாலாவது திருத்தத்தை வாசித்தாள். மக்கள் தங்கள் உடலிலும் வீட்டிலும் உடைமையிலும் பத்திரமாக இருக்க உரிமை உண்டு. தகுந்த காரணமும் வாரண்டும் இல்லாமல் அதில் யாரும் கை வைக்கக்கூடாது. நிறுத்தி நிதானமாக, சர்ச்சில் வாசிப்பதுபோல வாசித்தாள்.

அதுவரை கோட்டுப் போட்ட ஆட்கள் என் வீட்டுக்கு வந்ததெல்லாம் ஏதோ ஒன்றை முடியாது என்று சொல்வதற்குத்தான். இவள் என் மேசையில் உட்கார்ந்து, என் வீட்டு ரொட்டியைத் தின்றுவிட்டு, உங்கள் பக்கம் நாங்கள் இருக்கிறோம் என்றாள். நம்பினேன். அரைகுறையாக இல்லை, முழுசாக நம்பினேன்.

அடுத்து என்னை அளந்து பார்த்தார்கள். நல்ல வழக்குக்கு நல்ல வாதி வேண்டுமாம்.

"சர்ச்சுக்குப் போவீங்களா?"

"வெர்னா போவா. முடியற வரைக்கும் நான் வெளிய கார்ல உக்காந்திருப்பேன்."

"தவறாமப் போவீங்களா?"

"அவ தவறாமப் போவா. அதனால நானும் தவறாம உக்காந்திருப்பேன்."

"பக்தியுள்ள குடும்பம்" என்று மெரிடித் சொல்ல, கணினிக்காரர் தட்டிக்கொண்டார். "ராணுவத்துல இருந்திருக்கீங்களா?"

"இல்லைங்க. நாய்க்குத்தான் கர்னல்னு பேரு."

"ராணுவத்தின் மேல் மதிப்பு உண்டு" என்றாள் மெரிடித். அதுவும் ஏறியது.

நாயின் படம் கேட்டார்கள். வெர்னா குளிர்பதனப் பெட்டிமேல் ஒட்டியிருந்த படத்தை எடுத்துக் கொடுத்தாள். மூன்று பேரும் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

"இதுதானா?" என்றாள் மெரிடித்.

"இதேதான். சாப்பிட்டதும் எடுத்த படம்."

"பரவாயில்ல. கோர்ட்டுக்கு இது போதும். பிரசாரத்துக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்."

"எதுக்குங்க அவ்வளவு ஏற்பாடு" என்றாள் வெர்னா. "நாளைக்குத்தான் கூட்டிட்டு வரப்போறோமே. அப்புறமா நீங்க அந்த ட்ராவிஸ நல்லாக் கேளுங்க."

மெரிடித்தின் முகம் மாறியது. கைக்குழந்தையைக் கிணற்றோரம் வைத்துவிட்டு வந்தேன் என்று வெர்னா சொன்னதுபோல எழுந்து நின்றுவிட்டாள்.

"கூட்டிட்டு வரக்கூடாது. நாயை அவங்க வச்சிருக்கறதுதான் நமக்கு நடந்த அநியாயம். நாய் திரும்பி வந்துட்டா அநியாயம் முடிஞ்சுபோச்சு, இனிமே தீர்ப்புச் சொல்ல ஒண்ணுமில்லன்னு ஜட்ஜ் கேஸை மூடிடுவார். புரியுதா? நாய் வீட்டுக்கு வந்தா கேஸ் செத்துடும்."

எனக்கு அப்போது அது ஓரளவு புரிந்ததுபோல இருந்தது. வெர்னாவுக்கு அப்போதே புரியவில்லை. அவள்தான் சரி.

சனிக்கிழமை நாங்கள் போகவில்லை. என்னவோ ஏதோ என்று ஞாயிற்றுக்கிழமை ஷெரீப் டோபினே வந்துவிட்டார். தன் சொந்தக் காரில், பின்சீட்டில் கர்னலை உட்காரவைத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் கர்னல் வாலால் சீட்டை அடித்த சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. நான் படியில் கால் வைத்தேன். வழக்குத் தயாரிப்புக்காக அன்றைக்கும் வந்திருந்த மெரிடித் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானே முன்னால் போய் நின்றாள்.

"ஷெரீப், வாரண்ட் இருக்கா?"

"எதுக்கும்மா வாரண்டு? நாயக் குடுக்க வந்தேன்."

"இது தனியார் இடம். என் கட்சிக்காரரோட அனுமதி இல்லாம நீங்க கேட்டைத் தாண்டக்கூடாது."

ஷெரீப் தொப்பியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "எல்ராய், யாருப்பா இந்தம்மா? உனக்கு நாய் வேணுமா வேணாமா?"

"வேணும்" என்றேன்.

"என் கட்சிக்காரர் பதில் சொல்ல மாட்டார்" என்றாள் மெரிடித். "அவருக்குப் பேசாம இருக்கற உரிமை உண்டு."

"இப்பத்தானே பேசினாரு?"

"இனிமே பேசமாட்டார்."

ஷெரீப் தலையைச் சொறிந்தார். பிறகு காரைத் திருப்பிக்கொண்டு போனார். கர்னல் பின்கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு எங்களையே பார்த்தது. கண்ணாடி முழுக்க எச்சில். கார் வளைவில் மறைந்ததும் மெரிடித் என் முதுகில் தட்டினாள். இந்த மாவட்டத்தில் ஒரு ஷெரீப்பை வாசலோடு திருப்பி அனுப்பிய முதல் குடிமகன் நான்தானாம். வெர்னா உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள். அன்றைக்கு எங்களுக்கு நடுவில் நின்று பேச வீட்டில் ஆளில்லை.

மன்றம் வேலையைத் தொடங்கியது. பேருந்து நிறுத்தங்களில் சுவரொட்டி வந்தது. தங்க நிற முடி காற்றில் பறக்க, அழகான ஒரு நாய் கம்பிக்குப் பின்னால் நின்று கண் கலங்குகிறது. கீழே பெரிய எழுத்தில்: கர்னல், விடுதலைக்காகக் காத்திருக்கிறான். அந்த நாயை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"இது நம்ம சோபால ஏறினா சோபாவுக்கே பெருமைதான்" என்றாள் வெர்னா. "பேசாம இதையே வாங்கிட்டு வந்துடேன். நம்ம கர்னல் கோர்ட்டுலயே இருந்து வக்கீலாகட்டும்."

இதற்கிடையே க்ளைவ் ரட் தன் வாசலில் கதவளவு பலகை ஒன்றை நட்டான். தொலைந்த வண்டி மைத்துனன் கொல்லையில் கிடைத்ததைச் சொல்லி ஊரே அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த கோபம். பலகையில் எழுதியிருந்தது: அந்த நாயைச் சுட்டுத் தள்ளு. பலகை அளவுக்குமேல் பெரிதாக இருக்கிறதென்று மாவட்ட நிர்வாகம் பிடுங்கிக்கொண்டு போனது. அப்பாடா என்றிருந்தது. அடுத்த வாரமே பலகை திரும்ப வந்தது, பக்கத்தில் மன்றத்தின் கொடியோடு. ரட்டின் பேச்சுரிமைக்காக மன்றம் கோர்ட்டுக்குப் போய் இடைக்கால உத்தரவு வாங்கியிருந்தது.

மெரிடித்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். "என் நாயைச் சுடணுங்கறவனுக்கும் நீங்கதான் வக்கீலா?"

"நான் இல்ல, எங்க பேச்சுரிமைப் பிரிவு. அவங்க நாலாவது மாடி, நாங்க ஏழாவது மாடி. கேஸ் விஷயத்துல லிஃப்ட்ல பார்த்தாக்கூட பேசிக்க மாட்டோம். நாங்க யார் பக்கமும் பார்க்கறதில்ல, எல்ராய். அதுதான் எங்க பெருமை."

பெருமைதான். ஆனால் முதல் நாள் என் சமையலறையில் அவள் என் பக்கம் என்று சொன்னதாக எனக்கு ஞாபகம்.

வசந்தத்தில் லூயிவில்லின் பெரிய ஓட்டல் ஒன்றில் மன்றத்தின் ஆண்டு விருந்து. எனக்கு வாடகைக் கோட்டு எடுத்துத் தந்தார்கள். மேடையில் சுவரொட்டி நாய் கழுத்தில் கறுப்பு வில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வருகிறவர்கள் எல்லாம் அதைத் தடவிக்கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெரிய மனிதர் என்னிடம் வந்து, "இவ்வளவு கொடுமைக்கு அப்புறமும் எவ்வளவு சாந்தமா இருக்கு பாருங்க" என்றார். எங்கள் மேசையில் எனக்கு வலப்பக்கம் க்ளைவ் ரட் உட்கார்ந்திருந்தான். எனக்கும் அவனுக்கும் ஒரே விருதாம்.

"என்னை மன்னிச்சுடு எல்ராய்" என்றான் ரட், தட்டைப் பார்த்துக்கொண்டே. "ஏதோ கோவத்துல எழுதிட்டேன். மறுநாளே அழிக்கலாம்னு பெயிண்ட் டப்பாவோட போனேன். விடமாட்டேங்கறாங்கப்பா."

"யாரு?"

"என் வக்கீலுங்கதான். அழிச்சா கேஸ் செத்துடுமாம். என் பொண்டாட்டி அந்தப் பக்கமா வீட்டுக்குள்ள வரவே வெக்கப்பட்டுக்கிட்டு பின்கதவால வர்றா."

என் நாயைச் சுடச் சொன்னவன்மேல் எனக்கு அன்று இரக்கம் வந்தது. அந்த மண்டபத்தில் என் நிலைமை தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

வாஷிங்டனிலிருந்து வந்திருந்த மன்றத் தலைவர் லாயிட் பெனிங்டன் பேசினார். வெள்ளி மீசை, வெண்ணெய்க் குரல். "நண்பர்களே, சிலர் என்னைக் கேட்கிறார்கள், கர்னல் எப்போது வீடு திரும்புவான் என்று. நான் அவர்களுக்குச் சொல்கிறேன்: அவசரப்படாதீர்கள். அவன் இருக்கும் கூண்டு இன்று இந்தத் தேசத்தின் மனசாட்சி. அந்தக் கூண்டு காலியாக இருந்தால் நம் மனசாட்சியும் காலியாக இருக்கும். கர்னல் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நமது உறுப்பினர் எண்ணிக்கை உயர்ந்திருக்கிறது. இதைவிட ஒரு நாய் தன் நாட்டுக்கு என்ன செய்ய முடியும்?" கைதட்டல் அடங்க நேரமானது. மேடை நாய்கூட எழுந்து நின்றது.

என்னையும் பேசச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்திருந்த தாளில் முதல் வரியே எனக்கு வாயில் நுழையவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "எனக்கு என் நாய் வேணும். அவ்வளவுதான்" என்றேன்.

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் அந்த வரி காப்பிக் கோப்பையிலும் துணிப்பையிலும் அச்சாகி வந்தது. ஒன்றை எனக்கும் அனுப்பியிருந்தார்கள். நாய் வேண்டும் என்று கோப்பை சொல்லிற்று. நான் சொன்னதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அப்புறம்தான் ஒரு நாள், பொறுக்க முடியாமல், கர்னலின் மூட்டுவலிக்கு நாலு மாத்திரையும் ஈரல் துண்டுகளும் எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போனேன். கர்னல் கூண்டில் படுத்திருந்தது. முகமெல்லாம் வெளுத்திருந்தது. என் வாசம் தெரிந்து எழுந்திருக்கப் பார்த்தது, பின்கால் வரவில்லை. தரையில் உட்கார்ந்து கம்பி வழியே கையை விட்டேன். நக்கிக்கொண்டே இருந்தது.

"வாண்டா" என்றேன், "போதும். என்ன ஆனாலும் ஆகட்டும். நான் ஷெரீப் கால்ல விழறேன். கூட்டிட்டுப் போறேன்."

வாண்டா கையிலிருந்த சாவிக்கொத்தைக் கீழே வைத்தாள்.

"உனக்குத் தெரியாதா? ஷெரீப்பு எப்பவோ விடுன்னுட்டாருப்பா. ட்ராவிஸ்கூட விடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டான். மாவட்டம் ஒண்ணும் உன் நாயப் பிடிச்சு வச்சிருக்கல."

"அப்ப யாரு?"

"உன் ஆளுங்கதான். நாய் முக்கியமான சாட்சியம், இருந்த எடத்துல இருந்து நகத்தக்கூடாதுன்னு ஜட்ஜுகிட்ட தடை உத்தரவு வாங்கி வச்சிருக்காங்க. நான் வெளிய விட்டா எனக்குத்தான் ஜெயிலு."

வாசலில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ட்ராவிஸ் என் நாயை இழுத்துக்கொண்டு போனபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது வந்தது கோபமில்லை. ட்ராவிஸ்மேல் நான் எந்த நம்பிக்கையும் வைத்ததில்லை, அதனால் அவனால் என்னிடமிருந்து நாயை மட்டும்தான் எடுக்க முடிந்தது. இவர்களை நான் மேசையில் உட்காரவைத்தேன். என் நாய்க்குச் சாப்பிட்டபின் என்ன ஆகும் என்பது வரைக்கும் சொல்லியிருந்தேன்.

வெர்னாவையும் கூட்டிக்கொண்டு லூயிவில்லுக்குப் போனேன். ஏழாவது மாடியில், கண்ணாடி அறையில், மெரிடித் இருந்தாள். பெனிங்டனும் அன்றைக்கு அங்கே இருந்தார். சுவர் முழுக்க அந்தத் தங்க நாய்.

"வழக்க வாபஸ் வாங்கிக்கறேன்" என்றேன். "நாயக் குடுங்க."

"முடியாது எல்ராய்" என்றாள் மெரிடித். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "இது இப்ப உங்க கேஸ் மட்டும் இல்ல. மாநிலத்துல நாய் வச்சிருக்கற எல்லார் சார்பாவும்னு மாத்திட்டோம். நீங்க மட்டும் விலகறது அவங்களுக்குச் செய்யற துரோகம் ஆயிடும்."

"அவங்க நாயெல்லாம் அவங்க வீட்டுலதான இருக்கு?"

"இப்போதைக்கு."

பெனிங்டன் என் தோளில் கை வைத்தார். "மிஸ்டர் டாக்கெட், எங்கள் கட்சிக்காரர் நீங்கள் என்று நினைக்கிறீர்கள். அது எல்லோரும் செய்கிற தவறுதான். எங்கள் கட்சிக்காரர் நாலாவது திருத்தம். பாவம், அதற்குக் கால் கிடையாது. தானாக நடந்து உச்ச நீதிமன்றம் போக முடியாது. யார் முதுகிலாவது ஏறித்தான் போகவேண்டும். இந்த முறை உங்கள் முதுகு. உங்கள் நாயை நீங்கள் நேசிக்கிறீர்கள், அது எங்களுக்குப் பெரிய பலம். அந்த ஆசை நிறைவேறிவிட்டால் அப்புறம் எங்களிடம் என்ன இருக்கும்?"

வெர்னா முன்னால் வந்தாள். "ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "நாய்க்கு வயசாயிடுச்சு. நீங்க ஒவ்வொரு கோர்ட்டா மேல போயிட்டே இருக்கீங்க. நடுவுல அது செத்துப்போச்சுன்னா?"

பெனிங்டன் மெரிடித்தைப் பார்த்தார்.

"அது ரொம்ப வருத்தமான விஷயமா இருக்கும்" என்றாள் மெரிடித்.

"அது எனக்குத் தெரியும். கேஸ் என்ன ஆகும்?"

"கேஸுக்கு... ஒண்ணும் ஆகாது. நஷ்ட ஈடு கேட்டுத் தொடர்ந்து நடத்தலாம்."

மூலையில் உட்கார்ந்திருந்த இன்னொரு வக்கீல் தலையைத் தூக்கினார். "சொல்லப்போனா அப்புறம் யாராலயும் நாயைத் திருப்பிக் குடுத்துட முடியாது. கேஸ் எப்பவும் சாகாது" என்றார். பெனிங்டன் அவரைக் கண்டிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது காரில் வெர்னா சொன்னாள், "ட்ராவிஸ் முட்டாப்பய. ஆனா அவன்கூட நம்ம நாய் சாகணும்னு நெனச்சதில்ல." அழுதாள். எனக்கும் ரோடு சரியாகத் தெரியவில்லை. நேராக நாய்ப் பட்டிக்கு வண்டியை விட்டேன்.

வாண்டா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். சாவிக்கொத்தைக் கூண்டுப் பூட்டில் தொங்கவிட்டாள்.

"நான் வெளிய போய் சிகரெட்டு பிடிச்சுட்டு வர்றேன்" என்றாள். "சிகரெட்ட விட்டு ரொம்ப வருஷமாச்சு. அதனால எங்கயாவது கடையத் தேடி வாங்கிட்டு வரணும். நேரமாகும்."

கர்னலைத் தூக்கிக்கொண்டு வந்தோம். சோபாவில் தானாக ஏற முடியவில்லை, ஏற்றிவிட்டோம். வெர்னா ஈரல் வறுத்துப் போட்டாள். தின்றுவிட்டு, வழக்கம்போல வீட்டையே நாறடித்துவிட்டு, எங்கள் நடுவில் குறட்டை விட்டது. எங்களுக்குள் அன்று சண்டையே இல்லை. இருந்தாலும் இரண்டு பேரும் அதனிடம்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஷெரீப் டோபின் கடைத்தெருவில் என்னைப் பார்த்து, "பட்டில ஏதோ நாய் காணமாம். எனக்கு இப்பல்லாம் காது சரியாக் கேக்கறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். ரட் வேலி ஓரமாக எலும்புத் துண்டு கொண்டுவந்து கொடுத்தான். அவன் வாசலில் பலகை அப்படியேதான் நின்றது, சட்டப்படி.

மாவட்டம் கண்ணை மூடிக்கொண்டது. மன்றம் மூடிக்கொள்ளவில்லை. கோர்ட்டுக்குப் போனது.

ஒரு புதன்கிழமை காலை, காப்பி நேரத்தில், கதவு தட்டப்பட்டது. மெதுவாக, மரியாதையாக. திறந்தேன். கோர்ட் அதிகாரி ஒருவர், பக்கத்தில் மெரிடித். அதிகாரி தொப்பியைக் கழற்றி, என் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்லி, காகிதத்தை நீட்டினார். கால்மிதியில் ஷூவைத் துடைத்துக்கொண்டு, நான் படித்து முடிக்கும் வரைக்கும் வெளியிலேயே நின்றார்.

வாரண்ட். மெரிடித்தே எழுதியது என்று படிக்கும்போதே தெரிந்தது, அவ்வளவு சுத்தம். என்ன காரணம், எந்த வீடு, எந்த அறை, எந்த நேரத்துக்குள், எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது, ஒன்றையும் விடவில்லை. நாயின் அடையாளமும் இருந்தது: கிழிந்த காது, எச்சில், வெளுத்த முகம். சுவரொட்டியில் இடம் கிடைக்காததெல்லாம் இதில் ஏறியிருந்தது.

"நீ எங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டவ" என்றாள் வெர்னா.

மெரிடித்தின் கண் கலங்கியிருந்தது. "தெரியும் வெர்னா. அதனாலதான் நானே வந்தேன். வேற யாரையாவது அனுப்பினா முறைப்படி செய்வாங்களோ மாட்டாங்களோன்னு." பிறகு என்னிடம் திரும்பினாள். "பாருங்க எல்ராய். தட்டிட்டு வந்தார். காகிதம் காட்டினார். நீங்க படிக்கற வரைக்கும் நின்னார். இதுக்காகத்தான் நாம இவ்வளவு நாள் பாடுபட்டோம்."

அதிகாரி சோபாவருகில் குனிந்தார். கர்னல் அவரைப் பார்த்து வாலை ஆட்டியது. எங்கே பிடித்துத் தூக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. பின்காலில் கை பட்டதும் கர்னல் முனகியது.

"நீங்க விரும்பினா நீங்களே கொண்டுவரலாம், சார்" என்றார். "கட்டாயம் இல்ல. விரும்பினா மட்டும்."

நானே தூக்கினேன். வயிற்றுக்கடியில் ஒரு கை, பின்கால்களுக்குக் கீழே ஒரு கை. வண்டி வரைக்கும் தோளில் தலையை வைத்துக்கொண்டு வந்தது. போர்வை விரித்திருந்தார்கள், குறை சொல்ல முடியாது. இறக்கி வைத்தேன். கிழிந்த காதைத் தடவிக்கொடுத்தேன். அதிகாரி, சாத்தப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, வண்டிக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

மெரிடித் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினாள். இன்றைய சோதனையில் என் உரிமைகளில் எதுவும் மீறப்படவில்லை என்று ஒரே வரி. கட்டாயமில்லை என்று அவளும் சொன்னாள். இரண்டு தடவை படித்தேன். தவறாக ஒன்றும் எழுதவில்லை, அத்தனையும் உண்மை. கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கேட்டாள். கொடுத்துவிட்டேன்.